ஏழாயிரம் ரூபாய் ஆக்‌ஷன் கேமராவும் கிருஷ்ணகிரி மண் ரோடும்: ரெண்டு கோடைக்கு அப்புறம்

வாங்கின வாரத்தில் எழுதுகிற விமர்சனத்தில் எல்லாக் கேமராவும் நல்ல கேமராதான். பெட்டியைப் பிரித்து, மொட்டைமாடியில் நாலு பக்கமும் சுற்றிக் காட்டி, "இந்த விலைக்கு இது போதும்" என்று முடித்துவிடுவார்கள். என் கேமரா ரெண்டு கோடையையும் நடுவில் வந்த மழையையும் பார்த்துவிட்டது. ஆன்லைனில் 7,000 ரூபாய் சொச்சத்துக்கு வாங்கியது. பிராண்டு பெயரைச் சொல்லப்போவதில்லை, சொல்லியும் பிரயோஜனம் இல்லை. இந்த விலையில் வருகிற பல கேமராக்கள் ஒரே மாதிரி உடம்பில் வேறு வேறு ஸ்டிக்கர் ஒட்டியவை.

இந்தக் கேமராவோடு நான் ஓட்டுகிற சைக்கிள் முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ள ஹார்டுடெயில். ஓட்டுவது பெரும்பாலும் கேஆர்பி அணையைச் சுற்றியுள்ள வண்டித்தடங்கள், காவேரிப்பட்டணம் பக்கத்து மாந்தோப்புகள், ராயக்கோட்டை போகிற வழியில் கரடுகளை ஒட்டிய ஒற்றையடிப் பாதைகள். எப்போதாவது தளி, தேன்கனிக்கோட்டை. அபூர்வமாக தருமபுரி தாண்டி வத்தல்மலை. ஐரோப்பிய வீடியோக்களில் வருகிற மாதிரி செதுக்கி வைத்த டிரெயில் எதுவும் நமக்குக் கிடையாது, ஆடு மாடு போன தடம்தான் டிரெயில்.

முதலில் 4கே கதையை முடித்துவிடுகிறேன். 4கே என்றால் ஒரு ஃபிரேமுக்கு 3840க்கு 2160, கிட்டத்தட்ட 83 லட்சம் புள்ளி. மலிவான கேமராக்கள் பலவற்றில் சென்சாரிலிருந்து அவ்வளவு வருவதில்லை, குறைந்த அளவில் எடுத்து இழுத்துப் பெரிதாக்கி 4கே என்று சேமிக்கின்றன. என்னுடையது நிஜ 4கேதான் என்றாலும் அதைத் தேர்ந்தெடுத்தால் ஸ்டெபிலைசேஷன், அதாவது படத்தின் குலுக்கலைச் சமாளிக்கிற வசதி, தானாக அணைந்துவிடும், மெனுவில் அந்த வரியே சாம்பல் நிறமாகிவிடும். பெட்டி மேல் 4கே என்றும் இஐஎஸ் (அந்த ஸ்டெபிலைசேஷன்தான்) என்றும் பெரிதாகப் போட்டிருப்பார்கள், ரெண்டும் சேர்ந்து வேலை செய்யும் என்று எங்கேயும் போட்டிருக்க மாட்டார்கள். சைக்கிளுக்கு 4கேயை மறந்துவிடுங்கள். 1080பி, நொடிக்கு 60 ஃபிரேம், ஸ்டெபிலைசேஷன் ஆன். நான் ஓட்டுகிறதெல்லாம் இதில்தான். சைக்கிளை நிறுத்திவிட்டு அணைத் தண்ணீரையும் மலையையும் எடுக்க மட்டும் 4கே.

ஸ்டெபிலைசேஷன் எப்படி? நல்ல வெயிலில், பெரிய குலுக்கலுக்கு, விலையைப் பார்த்தால் ஆச்சரியமாகவே இருக்கிறது. குழியில் இறங்கி ஏறினால் படம் மெதுவாக மிதந்து போகும். ஃபிரேமின் ஓரத்தைக் கொஞ்சம் வெட்டிவிட்டு அந்த இடத்துக்குள் படத்தை நகர்த்திச் சமாளிக்கிறது, அதனால் கோணம் சற்றுக் குறுகும், அது பரவாயில்லை. பிரச்சினை மாந்தோப்புக்குள் நுழைந்ததும் ஆரம்பிக்கும். நிழலில் ஷட்டர் வேகம் குறைகிறது, ஒவ்வொரு ஃபிரேமும் குலுக்கலில் மங்கிப்போய்ப் பதிவாகிறது, அதற்கப்புறம் படத்தை எவ்வளவு நகர்த்தி நேராக்கினாலும் மங்கல் மங்கல்தான். வெயிலும் நிழலும் மாறி மாறி விழுகிற இடத்தில் வெளிச்சமும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். எக்ஸ்போஷரை (படத்தின் வெளிச்ச அளவை) ஒரு படி குறைத்து வைத்தால் வானமாவது வெளுக்காமல் தப்பிக்கும். நிறத்தைச் சரிசெய்கிற வைட் பேலன்ஸை ஆட்டோவில் விடாதீர்கள். செம்மண் ஃபிரேம் முழுக்க நிறைந்தால் கேமரா அதைச் சரிசெய்கிறேன் என்று நீலம் கலந்து, ராயக்கோட்டை மண்ணைச் சிமெண்டு நிறத்துக்குக் கொண்டுவந்துவிடும். டே லைட் என்று நிலையாக வைத்தால் மண் மண்ணாக இருக்கும். காலை ஆறரைக்கு முன், மாலை ஆறுக்குப் பின் எடுப்பது எல்லாம் புள்ளி புள்ளியாக வரும், அதற்கு எந்த செட்டிங்கும் உதவாது.

இனி மவுண்ட். இந்தப் பதிவே இதற்காகத்தான். கேமரா எது என்பதைவிட அதை எங்கே மாட்டுகிறோம் என்பதுதான் படத்தைத் தீர்மானிக்கிறது என்று அடித்துச் சொல்வேன். பெட்டியோடு வருகிற ஹேண்டில்பார் கிளாம்ப் தார் ரோட்டுக்கு மட்டும் சரி. ஜல்லி ரோட்டில் ஹேண்டில்பார் பெரிதாகக் குதிப்பதில்லை, விடாமல் அதிர்கிறது. அந்த நுண்ணிய அதிர்வை மலிவு இஐஎஸ்ஸால் பிடிக்க முடியாது. சென்சார் படத்தை மேலிருந்து கீழே வரி வரியாகப் படிப்பதால், ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் கேமரா ஆடிவிட, மின்கம்பங்கள் எல்லாம் ஜெல்லி போல் நெளியும். பழைய சைக்கிள் டியூபை வெட்டி கிளாம்புக்கு அடியில் சுற்றினால் பாதி குறையும், கிளாம்ப் வழுக்காமலும் இருக்கும்.

ஹெல்மெட் மேல் மாட்டினால் படம் ஓரளவு அமைதியாக வரும், கழுத்து அதிர்வை வாங்கிக்கொள்கிறது. ஆனால் நாம் தலையைத் திருப்பும்போதெல்லாம் படமும் திரும்பும். நாய் குரைத்த பக்கம், டீக்கடைப் பக்கம், செயின் பக்கம் என்று பார்க்கிறவருக்குத் தலை சுற்றும். தோப்புக்குள் தாழ்ந்த கிளையில் மாட்டிக்கொள்கிற ஆபத்தும் உண்டு, கீழே விழுந்தால் ஹெல்மெட்டுக்கு மேல் ஒரு கட்டி துருத்திக்கொண்டிருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. ராயக்கோட்டை பக்கம் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "ஏம்பா தம்பி, பட்டப்பகல்ல நெத்தியில டார்ச் லைட்டு எதுக்கு?" என்று கேட்டார். "லைட்டு இல்லீங்க தாத்தா, கேமரா" என்றதும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அப்ப ஆட்டையும் எடு" என்றார். எடுத்தேன். நின்றுகொண்டு எடுத்ததால் நன்றாகவே வந்தது.

கடைசியில் நிலைத்தது நெஞ்சுப் பட்டைதான். ஹேண்டில்பாரும் ரெண்டு கையும் ஃபிரேமில் தெரியும், அதனால் வேகமும் ஆழமும் பார்க்கிறவருக்குப் புரியும். உடம்பே ஒரு சஸ்பென்ஷன். கேமராவை நேராக வைத்தால் முன் சக்கரம்தான் பதிவாகும், குனிந்து ஓட்டுகிறோம் இல்லையா, ஆகவே நின்றுகொண்டு பார்த்தால் வானத்தைப் பார்க்கிற அளவுக்கு மேலே சாய்த்து வைக்க வேண்டும். மூச்சு வாங்குகிற ஏற்றத்தில் பட்டை இறுக்கும், வேர்வையில் ஊறி நாறும், துவைக்க வேண்டும். இந்தப் பட்டையைத் தனியாகத்தான் வாங்கினேன். மூன்று பல், இரண்டு பல் கோத்துத் திருகுகிற அந்த இணைப்பு கோப்ரோவில் உள்ளதைப் போலவே இருப்பதால் பல கம்பெனி மவுண்டுகள் பொருந்தும். பெட்டியில் வந்த பிளாஸ்டிக் திருகுகள் வெயிலில் காய்ந்து விரிசல் விட்டன, மாற்றினேன். எங்கே மாட்டினாலும் ஒரு நைலான் கயிற்றைக் கேமராவிலிருந்து இன்னொரு உறுதியான இடத்துக்குக் கட்டிவிடுவது உத்தமம்.

மவுண்ட் எதுவானாலும் ஏற்றத்தைக் காட்டுவதில் இந்தக் கேமராக்கள் பொய் சொல்லும். 170 டிகிரி லென்ஸ் எதையும் தள்ளி வைத்துத் தட்டையாக்கிவிடும். வத்தல்மலை கொண்டை ஊசி வளைவில் நாக்குத் தள்ள மிதித்ததை வீட்டில் போட்டுக் காட்டினால், "ரோடு சமமாத்தானே இருக்கு" என்பார்கள். மீடியம் கோணத்துக்கு மாற்றி, பக்கத்தில் ஒரு மரமோ கைப்பிடிச் சுவரோ தெரிகிற மாதிரி எடுத்தால் கொஞ்சம் சரிவு தெரியும்.

சத்தம்: மோசம். தண்ணீர் புகாத பெட்டிக்குள் வைத்தால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிற மாதிரி, வெளியே வைத்தால் வெறும் காற்று. மைக் துளை மேல் சிறு ஸ்பாஞ்சுத் துண்டு ஒட்டியதில் பேச்சாவது கேட்கிறது.

தூசிதான் நம் ஊருக்கே உரிய சோதனை. கிரானைட் லாரி ஒன்று தாண்டிப் போனால் லென்ஸ் மேல் மாவு படிந்துவிடும். அதைச் சட்டையால் துடைத்தால் கோடு விழும், ஊதுகிற ரப்பர் பல்பு ஒன்று பையில் இருக்கட்டும். பட்டன்களும் சீக்கிரமே கரகரக்கும். மலையும் கரடும் உள்ள பாதைக்கு நான் அந்தத் தண்ணீர் புகாத பிளாஸ்டிக் பெட்டியைப் போட்டுத்தான் எடுக்கிறேன், கோடு விழுந்தால் பெட்டியோடு போகும். ஆனால் மார்கழியில் தளி பக்கம் விடிகாலையில் போனால் அதே பெட்டி உள்ளுக்குள் பனித்துவிடும். கேமரா சூட்டில் உள்ளே இருக்கும் காற்று வெதுவெதுப்பாக, வெளியே குளிர், முன்கண்ணாடியில் நீராவி படிகிறது. சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை உள்ளே செருகுவதும், ஈரமில்லாத அறையில் வைத்துப் பெட்டியை மூடுவதும் உதவும்.

பேட்டரி 1,350 எம்ஏஎச், புதிதில் ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஓடியது, இப்போது ஒரு மணி நேரமே வருவதில்லை. வைஃபையையும் திரையையும் அணைத்து வைத்தால்தான் இதுவும். சித்திரை வெயிலில் ஓடும்போது சூடாவதில்லை, காற்று படுகிறது. நிறுத்திவிட்டு ரெக்கார்டிங்கை விட்டால் சீக்கிரமே கொதித்து அணைந்துவிடும். கூட வந்த பேட்டரி ஒன்று உப்பிக்கொண்டு கேமராவின் பேட்டரிக் குழியிலிருந்து வெளியே வர மறுத்தது. உப்பினதைச் சார்ஜ் போடாமல் ஒதுக்கிவிடுங்கள், குத்தித் திறந்து பார்க்கிற ஆராய்ச்சி வேண்டாம்.

கார்டில் மிச்சம் பிடிக்காதீர்கள். 4கே நொடிக்கு 60 மெகாபிட் என்றால் நிமிடத்துக்கு 450 எம்பி, 64 ஜிபி ரெண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல்தான் தாங்கும். வி30 என்று போட்ட கார்டு குறைந்தபட்சம் நொடிக்கு 30 எம்பி எழுதும், அது தாராளம். போலிக் கார்டு நிறைய புழங்குகிறது, வாங்கியதும் முழுக்க நிரப்பி, திரும்பப் படித்துப் பாருங்கள். இன்னொன்று, கிளிப் நீளத்தை மூன்று நிமிடமாக வையுங்கள். பலத்த குலுக்கலில் பேட்டரி தொடுமுனை விலகி கேமரா அணைந்தால், அப்போது எழுதிக்கொண்டிருந்த ஃபைல் திறக்காது, ஏனென்றால் எம்பி4 ஃபைலின் அட்டவணையை இந்தக் கேமராக்கள் கடைசியில்தான் எழுதுகின்றன. போனால் மூன்று நிமிடத்தோடு போகட்டும். கிளிப்புக்குக் கிளிப் ஒரு கண் சிமிட்டல் அளவு இடைவெளி விழும், அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் சைக்கிளை விட்டுப் படம் எடுக்கலாம் என்று யாரும் கிளம்ப வேண்டாம். யானை நடமாடும் காடு அது, ஸ்டெபிலைசேஷன் அங்கே உதவாது.

வெயிலில் ஓட்டுபவர், வாட்ஸ்அப்பிலும் குடும்பத்திலும் காட்டுபவர், விழுந்தால் உடையட்டும் என்று நினைப்பவர் என்றால் தாராளமாக வாங்கலாம், ஆனால் பட்ஜெட்டில் 2,500 ரூபாயைப் பட்டை, நல்ல கார்டு, கூடுதல் பேட்டரிக்கு ஒதுக்கிவிட்டு மீதியில் கேமரா பாருங்கள். இரவில் ஓட்டுபவர்களும் யூடியூப் சேனல் நடத்துபவர்களும் பழைய மாடல் கோப்ரோவைச் செகண்ட் ஹேண்டில் தேடலாம். என் கேமராவின் பேட்டரி மூடிக் கொக்கி உடைந்து, இப்போது ரப்பர் பேண்டில் நிற்கிறது. பக்கத்தில் சர்வீஸ் சென்டர் எதுவும் கிடையாது. இதே அளவு பேட்டரி கடையில் கிடைக்கும் வரை ஓட்டலாம் என்று இருக்கிறேன்.