நேர்காணல் உடை: கண்ணாடி முன் ஒன்று, பஸ்ஸை விட்டு இறங்கியதும் வேறொன்று

நான் விழுப்புரத்துக்காரன். என் வீட்டுக் கண்ணாடிக்கும் சென்னை நேர்காணல் அறைக்கும் நடுவே ஏறக்குறைய நான்கு மணி நேரப் பஸ் பயணம் இருந்தது. முதல் நேர்காணலுக்கு, அம்மா கஞ்சி போட்டுக் கொடுத்த வெள்ளைப் பருத்திச் சட்டையில் கிளம்பினேன். கிண்டியில் இறங்கியபோது முதுகு முழுக்கச் சுருக்கம், முழங்கை மடிப்பில் விசிறி விரித்தது போலக் கோடுகள். வரவேற்பறையில் சுவரை ஒட்டியே நின்றுகொண்டிருந்தேன். அன்று முதல் எனக்கு அளவுகோல் ஒன்றுதான்: போய் இறங்கும்போது பார்க்க எப்படி இருக்கிறோம்?

பருத்தியா, டெரிகாட்டனா?

சாதாரணக் காற்று ஈரத்திலேயே பருத்தி தன் எடையில் சுமார் 8 சதவீதம் ஈரத்தைப் பிடித்துவைக்கும். பாலியஸ்டர் அரை சதவீதம்கூடப் பிடிக்காது. பருத்தி உடம்புக்கு இதமாக இருப்பதும் இதனால்தான், கசங்குவதும் இதனால்தான். ஈரமும் சூடும் சேர்ந்தால் இழை தளரும். மடங்கிய நிலையிலேயே காய்ந்தால் மடிப்பு தங்கிவிடும். தண்ணீர் தெளித்து இஸ்திரி போடுவதும் இதே வித்தைதான். பஸ் இருக்கை அதை நமக்கு எதிராகச் செய்கிறது.

பாலியஸ்டர் 65, பருத்தி 35 என்ற கலவையில் வரும் டெரிகாட்டன் சட்டை மதுரையிலிருந்து வந்தாலும் மடிப்புக் கலையாது. அதன் குறை வேறு: வியர்வையை உறிஞ்சாமல் முதுகோடு ஒட்டும், வாடையையும் எளிதில் விடாது. மே மாத மதியத்தில் அதைப் போட்டுக்கொண்டு காத்திருப்பது தண்டனை. ஆனாலும் வெளியூரிலிருந்து வருபவருக்கு என் ஓட்டு டெரிகாட்டனுக்கே. உள்ளூர்க்காரர் பருத்தியில் போகட்டும். லினனோ, ‘பஸ்’ என்ற சொல்லைக் கேட்டாலே கசங்கிவிடும், அதை விட்டுவிடலாம்.

நிறத்தில் ஒரு எச்சரிக்கை. சாம்பல் நிறச் சட்டை அக்குளில் துளி ஈரம் பட்டாலும் கரும்பட்டையாகக் காட்டிக்கொடுக்கும். இளநீலம் ஓரளவு காட்டும். வெள்ளை அந்த விஷயத்தில் நம் பக்கம். உள்ளே பனியன் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

தைப்பதா, ரெடிமேடா?

நல்ல தையல்காரர் கிடைத்தால் தைத்த சட்டைக்கு ஈடில்லை. ஆனால் அவர் ‘நாளைக்கு வாங்க’ என்று சொல்லும் நாளும் நேர்காணல் நாளும் ஒன்றாகிவிடும் ஆபத்து உண்டு. அளவுச் சட்டை கொடுக்காமல் போனால், வளரும் பிள்ளை என்று தாராளமாக விட்டுத் தைத்துவிடுவார். எனக்கு அப்போது வயது 23.

ரெடிமேடில் தோளை மட்டும் பாருங்கள். தோள் தையல், தோள் எலும்பு முடியும் இடத்தில் நிற்க வேண்டும். அது கீழே சரிந்தால், எத்தனை விலையுயர்ந்த சட்டையும் அண்ணனிடம் இரவல் வாங்கியது போலத்தான் இருக்கும். இடுப்பையும் கை நீளத்தையும் தெருமுனைத் தையல் கடையில் பிடித்துக்கொள்ளலாம். தோளைப் பிடிப்பது சட்டையைப் பிரித்துத் தைப்பதற்குச் சமம். பெயர்பெற்ற கம்பெனிச் சட்டையை அப்படியே போடுவதைவிட, நடுத்தர விலைச் சட்டையை உடம்புக்குப் பிடித்துப் போடுவது மேல்.

சேலையா, சுடிதாரா?

இது என் தங்கையின் அனுபவம். தனியார் பள்ளி ஆசிரியர் வேலைக்குப் போனபோது, எதிரே உட்கார்ந்திருந்த மூன்று பெண்களுமே சேலையில் இருந்ததால், சேலை கட்டிப்போனது நல்லதாயிற்று என்றாள். மென்பொருள் கம்பெனிக்கு அந்தக் கணக்கு பொருந்தாது; சுடிதாரே போதும், துப்பட்டாவை இரு தோளிலும் பின் குத்திவிட்டால் கை வேறு வேலை பார்க்கலாம். சேலைதான் என்றால் கஞ்சி போட்ட பருத்தி வேண்டாம்: ஒருமுறை உட்கார்ந்து எழுந்தாலே மடிப்பு விசிறிவிடும். கிரேப் போன்ற, எளிதில் கசங்காத துணி பஸ்ஸைத் தாங்கும். கட்டிப் பழகாத சேலையை அன்றைக்கு முதன்முதலாகக் கட்டுவதைவிடப் பழகிய சுடிதார் எவ்வளவோ தேவலை.

ஆண்களுக்கு வேட்டி? தலைமைச் செயலக ஊழியர்கள் வேட்டி கட்டலாம் என்று 2019இல் அரசாணையே வந்தது. வேலையில் சேர்ந்த பிறகு கட்டிக்கொள்வதற்கு அது துணை நிற்கும்; சேருவதற்கு முன் கட்டிப் பார்க்கும் துணிச்சல் எனக்கு இருந்ததில்லை.

புது ஷூவா, பழைய ஷூவா?

முந்தின நாள் வாங்கிய ஷூ குதிகாலைக் கடிக்கும். அறைக் கதவிலிருந்து நாற்காலி வரை நொண்டிக்கொண்டு போவதை எந்தச் சட்டையும் மறைக்காது. பழையதற்குப் பாலிஷ் போடுங்கள், குதிகால் பக்கத்தையும் சேர்த்து. வெளியே போகும்போது அவர்கள் பார்ப்பது அதைத்தான். சாக்ஸை மட்டும் புதிதாக வாங்கலாம். என்னுடையது எலாஸ்டிக் தளர்ந்துபோய், சம்பளம் பற்றிய கேள்வி வந்தபோது கணுக்காலுக்கு இறங்கியிருந்தது.