புது டிசையரா, பழைய டிசையரா?

கேரள எல்லையில் இருக்கும் கொழிஞ்சாம்பாறைக்காரருக்கு, மாருதி டிசையர் மாதிரி பழைய கார் என்றதும் கால் கோயம்புத்தூர்ப் பக்கம்தான் போகும். விலை படியும். ஆனால் அது டிஎன், அதாவது தமிழ்நாட்டுப் பதிவு வண்டி. 12 மாதத்துக்கு மேல் கேரளத்தில் வைத்திருந்தால் மறுபதிவு செய்யவேண்டும். அங்கே தடையில்லாச் சான்று, இங்கே மிச்ச வருடங்களுக்குச் சாலை வரி என்று அலைச்சல்.

போன மாதம் ஒரு வண்டி பார்த்தேன், பளபளவென்று இருந்தது. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தால், அடியில் காய்ந்த சேற்றுக் கோடு. வெள்ளத்தில் நின்றது போல. “அது தூசிங்க” என்றார் கடைக்காரர். சரிங்க என்று கும்பிட்டு வந்துவிட்டேன்.

புதுசில் அந்தத் தலைவலி இல்லை. 2025 செப்டம்பர் 22 முதல் சின்ன பெட்ரோல் கார்களுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகிவிட்டது. 2024 நவம்பரில் வந்த டிசையர், குளோபல் என்கேப் என்ற மோதல் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்புக்கு 5 நட்சத்திரம் வாங்கியது. டிக்கி 382 லிட்டர். பழனி பயணத்துக்குப் போதும், தேங்காய் மூட்டைக்குத்தான் இடிக்கும்.

தினமும் எல்லையிலுள்ள வேலந்தாவளம் தாண்டி வேலைக்குப் போகிறவர் புதுசே எடுக்கலாம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஓட்டுபவருக்குப் பழசு போதும். ஆனால் கேஎல் 70 என்ற உள்ளூர்ப் பதிவு வண்டியாகத் தேடுங்கள், பெயர் மாற்றினால் முடிந்தது.