மசாய் மாராவா, க்ரூகரா?

ஆப்பிரிக்காவில் காட்டு விலங்குகளைப் பார்க்க எங்கே போகலாம்? சிங்கத்தை எப்படியாவது பார்த்தே ஆக வேண்டுமென்றால் கென்யாவின் மசாய் மாரா வனவிலங்குக் காப்பகம்தான். திறந்த புல்வெளி, தூரத்தில் படுத்திருக்கும் சிவிங்கிப்புலியைக்கூட வழிகாட்டி காட்டிவிடுவார். ஜூலை முதல் அக்டோபர் வரை வில்டபீஸ்ட் எனும் பெரிய மறிமான்களின் மந்தைகள் வரும், சுற்றுலாப் பயணிகள் கூட்டமும் வரும். ஒரே சிங்கத்தைப் பல வண்டிகள் சூழ்ந்து நிற்பது பாவமாக இருக்கும்.

தென்னாப்பிரிக்காவின் க்ரூகர் தேசியப் பூங்காவில் நாமே கார் ஓட்டிப் போகலாம். தார்ச் சாலையில் மணிக்கு 50 கி.மீ.தான் அனுமதி. புதர் அடர்ந்த காடு, நெடுநேரம் ஒன்றுமே தென்படாது. அப்புறம் ஒரு வளைவில் திடீரென யானை நிற்கும். ஹாரன் அடிக்காமல் மெல்லப் பின்னால் நகர வேண்டும். குறித்த இடங்கள் தவிர வேறெங்கும் இறங்கக்கூடாது. எனக்கு க்ரூகர்தான். நாமே தேடிக் கண்டுபிடிக்கிற சந்தோஷம் அங்கேதான் கிடைக்கிறது.