நூறு கெஜத்தில் ஒரே துளை: .222 ரெமிங்டனா, 6 பிபிசியா, .22 ரிம்ஃபயரா?

சிறு காலிபரில் (சிறிய குழல் விட்டத்தில்) ஒரு கஸ்டம் ரைஃபிள் செய்து வாங்க நினைப்பவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது, "எது அதிகத் துல்லியம்?" என்பதுதான். அமெரிக்காவின் நூறு கெஜ (91 மீட்டர்) பெஞ்ச்ரெஸ்ட் ரேஞ்சுகளில், அதாவது ரைஃபிளை மேசையில் தாங்கி வைத்துச் சுடும் களங்களில், இந்தக் கேள்விக்குத் திரும்பத் திரும்ப வரும் பதில்கள் மூன்று வகைத் தோட்டாக்கள்: .222 ரெமிங்டன், 6 பிபிசி, .22 ரிம்ஃபயர். நல்ல கன்ஸ்மித் (துப்பாக்கிக் கைவினைஞர்) பொருத்திய நல்ல குழல் இருந்தால் மூன்றுமே வியக்க வைக்கும். ஆனால் அந்தத் துல்லியத்தில் எவ்வளவு சுடுபவரின் வேலை மேசையில் உருவாகிறது, எவ்வளவு தொழிற்சாலையிலேயே முடிவாகிவிடுகிறது என்பதில் மூன்றும் மூன்று துருவம். இதை யோசிக்காமல் வாங்கியவர்கள்தான் இரண்டு வருடத்தில் ரைஃபிளை விற்கிறார்கள் என்பது என் கணிப்பு.

வயதில் மூத்தது .222. 1950இல் ரெமிங்டன் வெளியிட்டது. அதை வடிவமைத்த மைக் வாக்கர் அந்த நிறுவனத்தின் பொறியாளர், கூடவே பெஞ்ச்ரெஸ்ட் போட்டிகளில் உட்கார்ந்து சுடுபவர். பழைய தோட்டா ஒன்றின் கூட்டை, அதாவது பவுடரையும் குண்டையும் தாங்கும் பித்தளை உறையை, சுருக்கியோ நீட்டியோ செய்யாமல், முழுக்கப் புதிதாக வரைந்தார். அடுத்த கால் நூற்றாண்டுக்குத் துல்லியப் போட்டி என்றால் இந்தத் தோட்டாதான். இன்று உலகம் முழுக்கத் தெரிந்த .223 ரெமிங்டன் இதே குடும்பத்தில் பின்னால் வந்தது. துல்லியம் தேடுபவருக்கு .222இல் பிடிக்கும் அம்சம் அதன் நீண்ட கழுத்து. .223இன் கழுத்து 0.203 அங்குலம், .222இன் கழுத்து 0.313 அங்குலம். குண்டை நேராகப் பிடித்து வைக்க அந்தக் கூடுதல் நீளம் உதவுகிறது.

வீட்டில் தோட்டா நிரப்பக் கற்றுக்கொள்பவருக்கு .222 மாதிரி பொறுமையான ஆசிரியர் கிடைப்பது அரிது. லாபுவா, நோர்மா போன்ற நிறுவனங்களின் கூடுகளை வாங்கி, வாய் விளிம்பைச் சீர்செய்து, கூட்டை உரிய அளவுக்கு அழுத்தும் அச்சான டையில் ஒருமுறை செலுத்தி, நேரடியாக நிரப்பலாம். உள்வரிகள் 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று முறுக்குள்ள குழல், 50 முதல் 53 கிரெயின் (ஒரு கிரெயின் சுமார் 0.065 கிராம்) எடையுள்ள அடி தட்டையான குண்டு, பவுடரைப் பற்றவைக்கும் நல்ல ப்ரைமர். இவ்வளவு போதும். நிரப்பும் அளவு கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் குரூப், அதாவது இலக்கில் துளைகள் விழும் கூட்டம், உடனே சிதறிவிடாது. பவுடரின் எடை அளவு எதையும் நான் இங்கே தரப்போவதில்லை. அதைப் பவுடர் தயாரிப்பவரின் கையேட்டில்தான் பார்க்க வேண்டும். தொடக்க அளவிலிருந்து சிறு படிகளாக ஏற வேண்டும், உச்ச அளவைத் தாண்டக் கூடாது. அடுத்தவர் ரைஃபிளில் சரியாக இருந்த அளவு உங்கள் ரைஃபிளில் ஆபத்தாக முடியலாம்.

அப்புறம் 1975. லூயிஸ் பால்மிசானோ என்ற மருத்துவரும் ஃபெர்ரிஸ் பிண்டெல் என்ற கருவி வல்லுநரும் சேர்ந்து 6 பிபிசியை உருவாக்கினார்கள். பெயரில் உள்ள இரண்டு 'பி'யும் இவர்கள் இருவரின் முதலெழுத்துகள்தான். எடுத்துக்கொண்ட மூலக் கூடு .220 ரஷ்யன். அதுவும் 7.62×39 தோட்டாவின் கழுத்தைக் குறுக்கிச் செய்தது. குட்டையான, தடித்த கூடு. சிறிய ப்ரைமர். ப்ரைமரின் தீ உள்ளே போகும் துளைகூட வழக்கமான 2 மில்லிமீட்டருக்குப் பதில் சுமார் 1.5 மில்லிமீட்டர்தான். பவுடர் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி எரிவதற்கு இவையெல்லாம் சேர்ந்து உதவுகின்றன என்பது பொதுவான விளக்கம். எது எவ்வளவு பங்கு என்ற வாதம் ரேஞ்சுகளில் ஓயவில்லை. ஆனால் சில வருடங்களிலேயே போட்டிப் பட்டியலின் மேல்பகுதியிலிருந்து .222 காணாமல் போனது. அதில் வாதத்துக்கு இடமே இல்லை.

பிபிசியின் விலை பணத்தில் மட்டும் இல்லை, நேரத்திலும் இருக்கிறது. .220 ரஷ்யன் கூட்டை வாங்கி, கழுத்தை 6 மில்லிமீட்டருக்கு விரித்து, அதன் வெளிப்புறத்தைச் சீவிச் சுவரின் தடிமனைச் சுற்றிலும் ஒரே சீராக்கி, பிறகு தன் ரைஃபிளின் சேம்பரிலேயே (குழலின் பின்முனையில் தோட்டா அமரும் இடம்) ஒருமுறை சுட்டு, தோளை, அதாவது கூடு கழுத்தை நோக்கிச் சரியும் பகுதியை, சேம்பரின் வடிவத்துக்குக் கொண்டுவர வேண்டும். போட்டி ரைஃபிளின் சேம்பர் கழுத்து பெரும்பாலும் 0.262 அங்குலம். குண்டு பொருத்திய தோட்டாவின் கழுத்து அதைவிட ஓரிரு ஆயிரத்திலொரு அங்குலம்தான் சிறியதாக இருக்கும். சீவாத கூட்டை இந்தச் சேம்பரில் திணிப்பது உயிரோடு விளையாடுவது. குண்டை விட்டு விலக இடம் இல்லாத கழுத்து, அழுத்தத்தை எங்கோ கொண்டுபோய்விடும். மைக்ரோமீட்டர் பிடிக்கப் பிடிக்காதவர்கள் பிபிசி பக்கம் போகவே வேண்டாம்.

இன்னொன்று, பிபிசியைச் சுடுபவர்கள் வீட்டில் நிரப்பிக்கொண்டு வருவதில்லை. ரேஞ்சிலேயே, இரண்டு சுற்றுகளுக்கு நடுவில், கையில் பிடிக்கும் டையில் பத்து பதினைந்து கூடுகளைத் திரும்பத் திரும்ப நிரப்புகிறார்கள். அங்கே பெரிதும் புழங்கும் விட்டாவூரி என்133 பவுடர் வெயிலுக்கும் ஈரத்துக்கும் குணம் மாறும். காலையில் ஒரே துளையாக விழுந்தது நண்பகலில் மேலும் கீழுமாக நீளத் தொடங்கும். அப்போது பவுடர் அளவியில் ஒரு சிறு திருப்பம், அல்லது குண்டு அமரும் ஆழத்தில் சில ஆயிரத்திலொரு அங்குல மாற்றம். குரூப் திரும்ப உருண்டையாகிறது. உடனுக்குடன் கேட்டுப் பதில் பெறும் இந்த உரையாடல்தான் பிபிசியின் உண்மையான பலம் என்று நினைக்கிறேன். கூட்டின் வடிவத்துக்கு இரண்டாம் இடம்தான் கொடுப்பேன்.

.22 ரிம்ஃபயரில் அந்த உரையாடலுக்கே வழியில்லை. ப்ரைமர் கலவை கூட்டின் விளிம்புக்குள் பூசப்பட்டு வருகிறது. சுட்டதும் விளிம்பு நசுங்கிவிடும், அந்தக் கூட்டின் வேலை அதோடு முடிந்தது. தொழிற்சாலை என்ன செய்து கொடுத்ததோ அதுதான். அதனால் இங்கே கைத்திறன் முழுக்கத் தேர்வில்தான் இருக்கிறது. ஒரே பெயர், ஒரே விலை, ஒரே பெட்டி. ஆனால் ஒரு தயாரிப்புத் தொகுதிக்கும் அடுத்த தொகுதிக்கும், அதாவது லாட்டுக்கும் லாட்டுக்கும், உங்கள் குழலில் கிடைக்கும் வித்தியாசம் சிலசமயம் மலைக்க வைக்கும். ஈலி நிறுவனம் தன் பெட்டியில் லாட் எண்ணோடு எந்த இயந்திரத்தில் செய்தது, என்ன வேகம் என்பதையும் அச்சிடுகிறது. லாபுவாவுக்கு ஜெர்மனியின் ஷோனபெக்கிலும் அமெரிக்காவின் அரிசோனாவில் மேசா நகரிலும் சோதனைக் கூடங்கள் உண்டு. ரைஃபிளைக் கொண்டுபோனால் அதை இரும்புப் பிடியில் பூட்டி, லாட் லாட்டாகச் சுட்டுக் காட்டுவார்கள். பிடித்த லாட்டை அங்கேயே வாங்கிக்கொள்ளலாம்.

வேகத்தைப் பற்றிய ஒரு கணக்கு இந்த மூன்றையும் சட்டென்று பிரித்துக் காட்டும். .22 போட்டித் தோட்டாவின் 40 கிரெயின் ஈயக் குண்டு நொடிக்கு ஏறத்தாழ 1,060 அடி வேகத்தில், ஒலியைவிடச் சற்றுக் குறைவாகக் கிளம்புகிறது. நூறு கெஜம் போவதற்குள் குண்டு ஒன்றரை அடி விழுந்துவிடும். ஆகவே இரண்டு தோட்டாக்களுக்கு நடுவே நொடிக்கு 20 அடி வேக வித்தியாசம் இருந்தாலே, இலக்கில் மேலும் கீழுமாகச் சுமார் அரை அங்குலம் போய்விடும். பிபிசியின் 68 கிரெயின் குண்டு நொடிக்கு 3,300 அடியைத் தொட்டுப் போகிறது. மொத்த வீழ்ச்சியே இரண்டு அங்குலத்துக்கும் குறைவு. அதே 20 அடி வித்தியாசம் அங்கே ஓர் அங்குலத்தில் ஐம்பதில் ஒரு பங்கு. .222உம் இதற்கு அருகில்தான். ஆக, பவுடரைக் கிரெயினின் நூறில் ஒரு பங்குவரை நிறுக்கும் பழக்கம் நூறு கெஜத்தில் வீண் உழைப்பு. பிபிசிக்காரர்கள் பவுடரை நிறுக்காமல் அளவியில் கொட்டி நிரப்பியே போட்டிகளை வெல்வது அதனால்தான். ரிம்ஃபயரிலோ, வேகச் சீர்மையே எல்லாம்.

அந்தச் சீர்மையைக் கையால் திருத்த முடியாது என்பதால் ரிம்ஃபயர்காரர்கள் குழலின் முனையில் ட்யூனர் என்ற எடையை மாட்டுகிறார்கள். அதை முன்னும் பின்னும் திருகினால் குழல் அதிரும் விதம் மாறும். சரியான இடத்தில், மெதுவான குண்டு குழல் சற்று மேல்நோக்கும் கணத்தில் வெளியேறி, வேகக் குறைவை ஓரளவு ஈடுகட்டிவிடும். தோட்டாவைக் குழலுக்குப் பொருத்துவதற்குப் பதில் குழலைத் தோட்டாவுக்குப் பொருத்துகிறார்கள். தோட்டாவின் விளிம்புத் தடிமனை அளந்து பிரிப்பது, எடை போட்டுப் பிரிப்பது போன்றவற்றுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். அந்த நேரத்தில் இன்னொரு லாட்டைச் சோதிப்பது மேல் என்பேன்.

சரி, எதை வாங்கினாலும் சோதனையை எப்படிச் செய்வது? பெரும்பாலான வாதங்கள் பிறப்பது இங்கேதான், பெரும்பாலான பணம் வீணாவதும் இங்கேதான். மூன்று குண்டுகள் சுட்டு, மிகவும் விலகிய இரு துளைகளின் மைய இடைவெளி கால் அங்குலம் என்று பார்த்ததும் இதுதான் என் லோடு (பவுடர், குண்டு, ப்ரைமர் சேர்க்கை) என்று முடிவெடுப்பவர்கள் ஏராளம். கணக்கு சொல்வது வேறு. ரைஃபிளில் ஒன்றையுமே மாற்றாமல் சுட்டாலும் மூன்று குண்டுக் குரூப்பின் சராசரி, ஐந்து குண்டுக் குரூப்பின் சராசரியில் முக்கால் பங்கை ஒட்டித்தான் இருக்கும். பத்து குண்டு சுட்டால் ஐந்தைவிடக் கால் பங்கு பெரிதாகும். அது மட்டுமல்ல. ஐந்து குண்டுச் சராசரி 0.30 அங்குலம் உள்ள ரைஃபிளில் குரூப்புகளில் மூன்றில் இரண்டு பங்கு 0.22க்கும் 0.38க்கும் நடுவே எங்கு வேண்டுமானாலும் விழும். மீதி அதற்கும் வெளியே. அப்படியென்றால் ஒரு லோடு 0.24, இன்னொன்று 0.34 என்று வந்ததை வைத்து முதலாவது மேல் என்று சொல்ல எந்த ஆதாரமும் இல்லை. போட்டிகளில் ஐந்து குண்டுக் குரூப்புகள் ஐந்தின் சராசரியை எடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. வீட்டுச் சோதனையிலும் ஒரு லோடுக்கு அந்த இருபத்தைந்து குண்டுகளைக் கொடுங்கள்.

ஒற்றைக் குரூப் எவ்வளவு குறைவாகச் சொல்லும் என்பதற்குச் சாதனைப் பட்டியலே சாட்சி. நூறு கெஜத்தில் ஐந்து குண்டுக்கான மிகச் சிறிய குரூப்பாக மேக் மெக்மில்லன் 1973இல் சுட்ட 0.009 அங்குலம் நாற்பது ஆண்டுகள் நின்றது. அப்போது பிபிசி பிறக்கவே இல்லை. 2013இல் அதை 0.0077 அங்குலமாக முறியடித்த மைக் ஸ்டினெட் சுட்டது .30 காலிபர். சராசரிகளை ஆண்டுகொண்டிருக்கும் பிபிசி, இந்த இரண்டு குரூப்பிலும் இல்லை.

காற்றுக்கு வருவோம். மணிக்கு 10 மைல் குறுக்குக் காற்று .22 குண்டை நூறு கெஜத்தில் நான்கு அங்குலம் அளவுக்குத் தள்ளும். .222ஐ ஓர் அங்குலத்தை ஒட்டி, பிபிசியை அதைவிடச் சற்றுக் குறைவாக. ரேஞ்சில் காற்றுக் கொடிகளை நடாமல் லோடு சோதிப்பவர் உண்மையில் காற்றைத்தான் சோதிக்கிறார். குச்சியில் கட்டிய நாலு ரிப்பன்கூடப் போதும். ரிம்ஃபயரில் ஒரு சீசன் சுட்டவர் காற்றை வாசிக்கும் விதமே மாறிவிடும். அந்த வகையில் அதை மற்ற இரண்டையும்விட மதிக்கிறேன்.

குழலின் ஆயுளில் ரிம்ஃபயருக்குப் போட்டியே கிடையாது, பல்லாயிரம் குண்டுகள் தாங்கும். .222 சில ஆயிரம். பிபிசி குழலைப் போட்டியாளர்கள் ஆயிரம் குண்டை ஒட்டியே சந்தேகக் கண்ணோடு பார்க்கத் தொடங்குகிறார்கள்.

இந்தியாவில் இருப்பவர்களுக்கு இந்தத் தேர்வு ஏற்கெனவே முடிவாகிவிட்டது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் இல்லாமல் தோட்டா தயாரிப்பது குற்றம். அங்கே துல்லியம் தேடுபவர்களின் பாதை 50 மீட்டர் .22தான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே 50 மீட்டர் மூன்று நிலைப் போட்டியில் வெண்கலம் வென்றது அந்தப் பாதையில்தான்.

அமெரிக்காவில் இருந்துகொண்டு குரூப் போட்டியில் பெயர் பதிவுசெய்யப் போகிறவர் பிபிசியைத் தவிர எதையும் யோசிக்க வேண்டாம். .222இல் தொடங்கிப் பிறகு மாறலாம் என்பது இரண்டு முறை செலவு. பழைய டை, கூடு, குண்டு எதுவும் அங்கே உதவாது. போட்டி வேண்டாம், சனிக்கிழமைகளில் நானே நிரப்பிய தோட்டா ஒரே ஒழுங்கற்ற துளையாக விழுவதைப் பார்க்க வேண்டும் என்பவருக்கு .222. அதில் கிடைக்கும் சந்தோஷத்துக்கு எந்தக் குறையும் இல்லை, வேலை பாதிதான். நிரப்பும் மேசைக்கு வீட்டில் இடமோ நேரமோ இல்லாதவருக்கு ரிம்ஃபயர். ஆனால் அவர் ரைஃபிளுக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கை லாட் சோதனைக்கென்று முதலிலேயே எடுத்து வைக்க வேண்டும். பொருந்திய லாட் கிடைத்த அன்றே, ஒரு வருடத்துக்குத் தேவையானதை மொத்தமாக வாங்கிவிட வேண்டும். அடுத்த மாதம் போனால் அதே பெயரில், அதே நிறப் பெட்டியில், வேறு லாட்தான் இருக்கும்.