பனியன் கம்பெனிக்குப் போட்ட இஆர்பி: லைவ் ஆனதற்குப் பிறகு எப்படி இருக்கிறது?

திருப்பூரில் ஏற்றுமதி பனியன் கம்பெனி ஒன்றில் கணக்கும் ஸ்டோரும் என் பொறுப்பு. நூல் வாங்குவதில் தொடங்கி பேக்கிங் வரை எல்லாவற்றையும் ஒரே இடத்தில் பார்க்கலாம் என்று சொல்லி, ஒரு நிறுவனம் எங்களுக்கு இஆர்பி போட்டுக் கொடுத்தது. இந்தத் தொழிலுக்கென்றே எழுதிய சாஃப்ட்வேர். நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. வாங்கப் போகிறவர்களுக்கு, வாங்கிய பின் எதைப் பார்க்க வேண்டும் என்பதுதான் முக்கியம்.

லைவ் ஆன அன்று, அதாவது சாஃப்ட்வேரை நிஜ வேலையில் ஓடவிட்ட அன்று, ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கினார்கள். எல்லா மாட்யூலும் (சாஃப்ட்வேரின் ஒவ்வொரு பிரிவும்) ஓடுகிறது, எல்லாருக்கும் பயிற்சி முடிந்தது, தினமும் இத்தனை பேர் லாகின் செய்கிறார்கள் என்று அதில் இருந்தது. எல்லாம் உண்மைதான். ஆனால் அந்த நாட்களில் நிட்டிங்குக்கும் (துணி பின்ன) டையிங்குக்கும் (சாயம் ஏற்ற) போன சரக்கின் டிசிகளை, அதாவது டெலிவரி சலான்களைப், பகல் முழுக்கக் கையால் எழுதிவிட்டு, சாயங்காலம் ஒருவர் உட்கார்ந்து மொத்தமாக ஏற்றிக்கொண்டிருந்தார். லாகின் கணக்கைப் பார்த்தால் அருமையாகத் தெரியும். மதியம் மூன்று மணிக்குத் துணி எங்கே இருக்கிறது என்று கேட்டால் கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

டையிங் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், எங்கள் தொழிலில் காசு கரைகிற இடம் அதுதான். 500 கிலோ கிரே துணி, அதாவது சாயம் ஏற்றாத துணி, சாயத்துக்குப் போனால் 500 கிலோவாகத் திரும்பி வராது. பிராசஸ் லாஸ் என்று ஒரு சதவீதம் போகும். சாஃப்ட்வேரில் எல்லா ஷேடுக்கும் (நிறத்துக்கும்) ஒரே சதவீதத்தைப் போட்டு வைத்திருந்தார்கள். வெள்ளையும் கறுப்பும் ஒரே அளவில் குறையாது என்பது டையிங் பக்கம் நின்ற எல்லாருக்கும் தெரியும். இதனால் ஒவ்வொரு லாட்டிலும் கொஞ்சம் துணி திரையில் மட்டும் இருந்தது, ரேக்கில் இல்லை. கட்டிங் மாஸ்டர் வந்து, "அக்கா, இதுல காட்டற ரோல் ரேக்குல இல்லீங்க" என்று சொல்வார். சொல்லிவிட்டுத் தன் நீலக்கலர் நோட்டைத் திறந்து அதில் எழுதியிருக்கிற எடையைத்தான் எடுத்துக்கொள்வார். மார்க்கர் போடுவது (வெட்ட வேண்டிய வடிவங்களை வரைவது), லே போடுவது (துணியை அடுக்கி விரிப்பது) எல்லாம் அந்த நோட்டை நம்பித்தான் நடந்தது.

அந்த நோட்டுதான் என் அளவுகோல். இஆர்பி ஜெயித்ததா இல்லையா என்று கேட்டால், ஃபேக்டரிக்குள் இன்னும் எத்தனை நோட்டும் தனி எக்செல் ஷீட்டும் ஓடுகின்றன என்று பார்ப்பேன். அப்புறம் ஏதாவது ஒரு ரேக்கை நானே தேர்ந்தெடுத்து, ரோலை எடைபோட்டுத் திரையோடு ஒப்பிடுவேன். முன்கூட்டியே சொல்லிவிட்டுப் போனால் பிரயோசனமில்லை. ஸ்டாக் ஒத்துவந்தால்தான் ஆர்டர்வாரி லாப நஷ்டம் என்று அது காட்டும் ரிப்போர்ட்டுக்கு அர்த்தம் உண்டு.

இது சின்ன கம்பெனிகளின் பிரச்சினை மட்டுமில்லை. 1999-இல் அமெரிக்காவின் ஹெர்ஷே சாக்லேட் கம்பெனி 11.2 கோடி டாலர் திட்டத்தில் புதிய சிஸ்டத்துக்கு மாறியது. அந்த வருட ஹாலோவீன் சீசனில் கிடங்கில் சரக்கு இருந்தும் கடைகளுக்கு நேரத்துக்கு அனுப்ப முடியாமல் திண்டாடியது. அங்கேயும் சிஸ்டம் லைவ் ஆகித்தான் இருந்தது.

எங்கள் முதலாளியின் மகன் எம்பிஏ படித்தவர். டெலோன், மெக்லீன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1992-இல் வெளியிட்டு 2003-இல் திருத்திய ஒரு மாடலைக் காட்டினார். ஒரு சிஸ்டம் ஜெயித்ததா என்று பார்ப்பதற்கானது அது. சிஸ்டம் தரம், அது தரும் தகவலின் தரம், சேவைத் தரம், பயன்பாடு, பயன்படுத்துகிறவரின் திருப்தி, கடைசியில் கிடைக்கும் பலன் என்று பிரித்துப் பார்க்கிறார்கள். அதை வைத்து எங்கள் சாஃப்ட்வேரைப் பார்த்தபோது எனக்குத் தெளிவாயிற்று. சிஸ்டம் நன்றாக இருக்கிறது, வேகமாகத் திறக்கிறது, தொங்குவதில்லை. தகவல்தான் தப்பாக இருந்தது. சேவை அதைவிட மோசம்.

சேவை என்றால், புகார் கொடுத்தால் டிக்கெட் எண் வரும், இரண்டு நாளில் 'முடிந்தது' என்று மெசேஜும் வரும். பிராசஸ் லாஸ் புகாரே இப்படிப் பலமுறை முடிந்தது. 'பயனருக்கு விளக்கப்பட்டது' என்று எழுதி மூடிவிடுவார்கள். கடைசியில் அவர்களுடைய புரோகிராமரை நேராகக் கூப்பிட்டு, டையிங்கிலிருந்து வந்த வண்டி இறங்கும்போது தராசு பக்கத்திலேயே நிற்க வைத்தோம். அந்தப் பையன் புரிந்துகொண்டான். ஷேடுவாரியாக லாஸ் போடுகிற வசதி அதற்குப் பிறகுதான் வந்தது. தராசு பக்கத்திலேயே ஒரு டேப்லெட்டும் வைத்தோம், எடை அங்கேயே ஏறுகிறது. சாயங்காலம் மொத்தமாக ஏற்றுவது நின்றது.

நல்லதையும் சொல்ல வேண்டும். ஜாப் ஒர்க், அதாவது நம் சரக்கை வெளியாளிடம் கொடுத்து வேலை செய்து வாங்குவது, அந்தக் கணக்கில் இது எனக்குப் பெரிய உதவி. வெளியே அனுப்பிய சரக்கு ஒரு வருடத்துக்குள் திரும்ப வேண்டும் என்பது ஜிஎஸ்டி விதி. எந்த டிசி எந்தப் பார்ட்டியிடம் எத்தனை நாளாக நிற்கிறது என்று இப்போது ஒரே திரையில் தெரிகிறது. 5 கோடிக்கு மேல் டர்ன்ஓவர் உள்ளவர்கள் ஜாப் ஒர்க் சரக்குக் கணக்கான ஐடிசி-04 படிவத்தை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொடுக்க வேண்டும். முன்பெல்லாம் அக்டோபரும் ஏப்ரலும் வந்தால் கட்டுக்கட்டாக டிசி புத்தகங்களைப் பரப்பி உட்காருவோம். இப்போது சரிபார்ப்பது மட்டும்தான் வேலை. இ-இன்வாய்ஸும் சிக்கலில்லை.

பீஸ் ரேட் சம்பளம் (தைத்த எண்ணிக்கைக்குக் கூலி) இன்னும் சரியில்லை. ஒரு டெய்லர் பாதி நாளில் லைன் மாறினால் கணக்கு குழம்புகிறது, சனிக்கிழமை பட்டுவாடாவுக்கு எக்செல்லைத்தான் நம்புகிறோம். உழைத்தவர்களுக்குப் போகிற கூலி. அதில் ஒரு ரூபாய் குறைந்தாலும் எனக்கு மனசு ஒப்பாது.

வாங்கலாமா? ஜாப் ஒர்க் அதிகம் உள்ள யூனிட்டுக்குத் தாராளமாக வாங்கலாம். ஆனால் கடைசித் தவணையை லைவ் தேதியோடு கட்டாதீர்கள். ஒரு முழு சீசன் ஓடி, ரேக் எடையும் திரை எடையும் ஒத்துவந்த பிறகு கொடுப்பதாக எழுதி வாங்குங்கள். நாங்கள் ஆண்டுப் பராமரிப்பைப் புதுப்பித்துவிட்டோம். புகார் முடிந்ததாக மூட வேண்டுமென்றால் புகார் கொடுத்தவரே மூட வேண்டும் என்ற வரியையும் அதில் சேர்த்திருக்கிறோம். சம்பள மாட்யூலுக்குத் தீபாவளி போனஸ் கணக்குக்கு முன்பு வரை கெடு.