ஸ்பேனரே படாத கியர்பாக்ஸுக்கு இரண்டு மாதச் சம்பளம்

கையில் இன்னும் கியர் ஆயில் நாற்றம் போகவில்லை, ஆத்திரமும் அடங்கவில்லை. ஃபோர் வீல் டிரைவ் வண்டிகளை மட்டுமே பார்ப்பதாகச் சொல்லிக்கொள்ளும் ஒரு பட்டறையில், என் இரண்டு மாதச் சம்பளத்தைக் கொட்டிக் கொடுத்து ஏமாந்திருக்கிறேன்.

ஓடையைக் கடக்கையில் வண்டி சிறிது நேரம் நீரில் நின்றுவிட்டது. சூடேறிய கியர்பாக்ஸ் குளிர்ந்த நீரில் முங்கினால், உள்ளே உள்ள காற்று சுருங்கி, பிரீதர் என்ற காற்றுத் துளை வழியாகவும் தேய்ந்த சீல்கள் வழியாகவும் தண்ணீரை இழுத்துவிடும் என்பதை அறிந்திருந்ததால், மறுநாளே பட்டறைக்குப் போனேன். அங்கிருந்தவர் ஆயிலை வடிக்கும் டிரெயின் பிளக்கைச் சற்றே தளர்த்தி, கசிந்த ஆயிலை விரலில் தொட்டு, ஒரு வெள்ளைத் தாளில் தடவிக் காட்டினார். பால் கலந்த காப்பியின் நிறம், தண்ணீர் கலந்துவிட்டதன் அடையாளம். "பேரிங் துருப்பிடிக்கும் முன்னால் பிரித்துவிடுவோம், சார்" என்று அவர் தணிந்த குரலில் சொன்னதும், தொழில் தெரிந்தவர் என்று முடிவுகட்டிவிட்டேன். சொன்னதில் தவறில்லை என்பதுதான் இப்போதும் எரிச்சலூட்டுகிறது. முழுவதும் பிரித்துக் கழுவி, பேரிங்கும் சீலும் மாற்ற இரண்டு மாதச் சம்பளம் கேட்டார்கள். அப்படியே எடுத்து வைத்தேன்.

மூன்றே வாரத்தில் மூன்றாம் கியரில் ஊளைச் சத்தம் கிளம்பியது. முதலில் புது பேரிங் பழக நாளாகும் என்றார்கள், பிறகு முதலாளி வெளியூர் என்றார்கள், கடைசியில் நான் மறுபடியும் வண்டியைத் தண்ணீரில் இறக்கியிருப்பேன் என்று என் மீதே பழியைப் போட்டார்கள். இப்போது அழைப்பையே எடுப்பதில்லை.

இன்று நானே வண்டிக்கடியில் படுத்து ஆயிலை வடித்தேன். அதே கலங்கல், கூடவே மண்ணெண்ணெய் வாடை. டிரெயின் பிளக்கின் காந்த நுனியில் இரும்புத்தூள் கூழாக அப்பியிருந்தது. அண்ணாந்து பார்த்தால், கியர்பாக்ஸ் உறையின் போல்ட் தலைகளைச் சுற்றி அந்த ஓடையின் சேறு காய்ந்து, ஒரு விரிசல்கூட இல்லாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. ஸ்பேனர் பட்டிருந்தால் அது உதிர்ந்திருக்காதா? மண்ணெண்ணெயை ஊற்றிக் கலக்கி, அதையும் சரியாக வடிக்காமல், புது ஆயிலை நீர்த்துப்போக விட்டதற்குத்தான் இரண்டு மாதச் சம்பளம்.

விரிவாக எழுத நினைத்தேன், பொறுமை இல்லை. பிரிக்கச் சொன்னால் போல்ட்டுகளில் பெயின்ட் குறி வைத்துவிட்டு வாருங்கள், கழற்றிய பழைய பேரிங்குகளைக் கேட்டு வாங்குங்கள். நீங்களே ஆயில் மாற்றுவதானால், புது ஆயில் ஊற்றும் ஃபில்லர் பிளக் கழல்கிறதா என்று பார்த்த பிறகே டிரெயின் பிளக்கைத் திறங்கள். மேனுவல் கியர்பாக்ஸ் என்றால், கையேட்டில் சொன்ன தரத்திலேயே ஆயில் ஊற்றிச் சிறிது தூரம் ஓட்டி, சூட்டோடு வடித்து, தெளிவாக வரும்வரை திரும்பச் செய்யுங்கள். முன், பின் அச்சுகளுக்கு விசையைப் பிரித்தனுப்பும் டிரான்ஸ்ஃபர் கேஸையும், அந்த அச்சுகளில் உள்ள இரண்டு டிஃபரன்ஷியல்களையும் விட்டுவிடாதீர்கள். என் வண்டியில் அவற்றையும் அவர்கள் தொட்டிருக்க மாட்டார்கள். நாளைக் காலை மறுபடியும் நான்தான் கீழே படுக்க வேண்டும்.