அலையவா, தொகுக்கவா? ஆய்வேட்டுக்கு இரண்டு வழிகள்

பகலில் தமிழாசிரியர் வேலை, மாலையில் முதுகலை வகுப்பு. சிங்கப்பூரில் இப்படிப் படிப்பவர்கள் ஆய்வேடு நெருங்கும்போது என்னிடம் கேட்பது இதுதான்: “அக்கா, பள்ளி பள்ளியா அலைய நேரமில்லை. மெட்டா அனாலிசிஸ் செஞ்சிடட்டுமா?” ஒரே கேள்வியை ஆராய்ந்த பல ஆய்வுகளின் எண்களை ஒன்றுசேர்த்துக் கணக்கிடும் முறை அது.

அலைச்சல் குறையும், அது உண்மை. கள ஆய்வு என்றால் பல்கலைக்கழக நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், கல்வி அமைச்சின் அனுமதி, பெற்றோர் கையொப்பம் என்று வரிசையாக வாங்க வேண்டும். வெளிவந்த ஆய்வுகளின் எண்களைத் தொகுப்பவருக்கு இவை பெரும்பாலும் தேவைப்படாது.

ஆனால் உழைப்பு குறையாது. 1976இல் இந்த முறைக்குப் பெயர் சூட்டிய ஜீன் கிளாஸ், மறு ஆண்டே மேரி லீ ஸ்மித்துடன் சேர்ந்து உளச்சிகிச்சை பற்றிய 375 ஆய்வுகளைத் தொகுத்து வெளியிட்டார். முதுகலைக்கு அத்தனை வேண்டாம். ஆனாலும் நூற்றுக்கணக்கான ஆய்வுச்சுருக்கங்களைப் படித்துச் சலிக்க வேண்டும். முழுதாகப் படித்தபின் ஒதுக்கிய கட்டுரை ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுத வேண்டும். இன்னொருவர் தனியே அதே கட்டுரைகளைச் சலித்தெடுத்து, இருவர் முடிவும் எந்த அளவுக்கு ஒத்துப்போகிறது என்று காட்டுவது நல்லது. அந்த இன்னொருவரை முதல் மாதமே பிடித்துவிடுங்கள். எண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று காட்டும் திட்ட விலக்கம் இல்லாமல் தொகுப்பது கடினம்; அதைத் தராத கட்டுரை வேறு இருக்கும். எழுதியவருக்கு மின்னஞ்சல் அனுப்பிக் காத்திருக்க வேண்டும்.

எனக்குப் பெரிய கவலை வேறு. குறிப்பிடத்தக்க விளைவு எதையும் காணாத ஆய்வுகள் அச்சேறாமல் இழுப்பறையிலேயே தங்கிவிடும் என்று உளவியலாளர் ராபர்ட் ரோசந்தால் 1979இலேயே எச்சரித்தார். தமிழில் இது இரட்டிப்பு இழப்பு. ஆங்கிலத் தரவுத்தளங்களை மட்டும் துழாவினால் தமிழ் மாநாட்டு மலர்களும் பழைய ஆய்வேடுகளும் கண்ணில் படாது. விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்துக்குப் போய்த் தேடத்தான் வேண்டும். தமிழ் படிக்கத் தெரிந்த நாம் தேடாவிட்டால் வேறு யார் தேடுவார்?

எதை எதோடு சேர்ப்பது என்பதிலும் கவனம் வேண்டும். சென்னையில் தமிழிலேயே வளரும் பிள்ளையையும், வீட்டில் ஆங்கிலமே பேசும் சிங்கப்பூர் ஈசூன் வட்டாரப் பிள்ளையையும் ஒரே சராசரியில் அடக்கினால் வரும் எண் இருவரையும் குறிக்காது.

ஆகவே கேள்விதான் முறையைத் தீர்மானிக்க வேண்டும். ‘கதை வாசித்துக் காட்டினால் இருமொழிப் பிள்ளைகளின் சொல்வளம் கூடுமா?’ என்றால் தயங்காமல் தொகுக்கலாம். பல நாடுகளில் அளந்திருக்கிறார்கள். ‘நம் வீடுகளில் பிள்ளைகள் எந்த வயதில், ஏன் தமிழில் பதில் சொல்வதை நிறுத்துகிறார்கள்?’ என்றால் வீடுகளுக்குப் போய்த்தான் ஆக வேண்டும்.

முடிவெடுக்குமுன் இரண்டு வாரம் தேடிப் பாருங்கள். ஒரே விளைவை ஒப்பிடத்தக்க வகையில் அளந்த ஆய்வுகள் நாலைந்துகூடத் தேறவில்லையா? அனுமதிப் படிவங்களை இன்றே நிரப்பத் தொடங்குங்கள்.